‘அது’ன்னு சொல்லிக் கொடுத்தது யாரு?

நீளமான த்ரெட். நைட் டூட்டி முடிஞ்சு வந்து எழுதுறேன், கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு கேள்வி. ஒரு திருநங்கையோட பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்கீங்களா? சிக்னல்ல கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டது கணக்குல வராது. கடை திறப்புக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனதும் வராது. சாப்டாச்சா, வீட்டு வாடகை எவ்வளவு, முட்டிவலி இப்ப பரவாயில்லையா, இந்த மாதிரி சாதாரணப் பேச்சு.

முக்கால்வாசிப் பேர் இல்லைன்னுதான் சொல்வீங்க. அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ‘இதர’ பாலினம்னு பதிவானவங்க 22,364 பேர். ஏழு கோடிக்கு மேல மக்கள் இருக்கிற மாநிலத்துல. வெளியே சொல்லப் பயந்தவங்களைச் சேர்த்தா உண்மையான எண்ணிக்கை கூடவே இருக்கும். அப்படியே கூட்டினாலும், ஒரு சராசரித் தமிழன் அவங்களைப் பக்கத்து வீட்டுக்காரரா, கூட வேலை பார்க்கிறவரா சந்திக்கிற வாய்ப்பு ரொம்பக் கம்மி.

ஆனா கருத்து மட்டும் எல்லார்கிட்டயும் இருக்கு. ‘அவங்க இப்படித்தான் சார்’னு அடிச்சுச் சொல்றாங்க. சந்திக்கவே இல்லாத ஆளைப் பத்தி இவ்வளவு உறுதியா எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கணும்ல? அந்த யாரோவைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

என் வேலை இடத்துல இருந்தே ஒரு உதாரணம். ஊர், ஆஸ்பத்திரி, ஆள் அடையாளம் எதுவும் சொல்லப் போறதில்ல. ஒரு ராத்திரி கேஷுவாலிட்டிக்கு நாற்பது வயசு தாண்டின ஒரு திருநங்கை வந்தாங்க. காலையில இருந்து சிறுநீர் பிரியல. அடிவயிறு கல்லு மாதிரி வீங்கியிருக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வெளியே, முறையில்லாமச் செஞ்சுக்கிட்ட அறுவையால சிறுநீர்ப்பாதை சுருங்கிப் போயிருந்தது. சிறுநீர் அடைப்புன்னா என்ன வலின்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும். ஆம்பளைங்க சுவத்துல முட்டிக்கிட்டு அழுறதைப் பார்த்திருக்கேன்.

அவங்க வெளியில பெஞ்சுல உட்கார்ந்து அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஏன்? ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமான்னு முடிவு பண்ண முடியலையாம். எனக்கு வந்த தகவல் இதுதான்: “சார், அது ஒண்ணு வந்திருக்கு.”

அது.

சொன்ன அம்மா கெட்டவங்க இல்ல. துணைக்கு ஆள் இல்லாத நோயாளிக்குத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லி கொடுக்கிறவங்க. அவங்க என்கிட்ட மெதுவா கேட்டது: “கிட்டப் போனா கையைத் தட்டிச் சாபம் விட்டுருமா சார்?” வாழ்நாள்ல ஒரு திருநங்கையோடகூடப் பேசினதில்லைன்னு அவங்களே சொன்னாங்க. அப்ப இந்தக் கைதட்டலும் சாபமும் எங்க இருந்து வந்துச்சு? டிவியில இருந்து. ஞாயித்துக்கிழமை மதியம், குடும்பத்தோட சோறு சாப்பிட்டுக்கிட்டே பார்த்த படத்துல இருந்து.

(ட்யூப் போட்டோம். ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. அப்பதான் அவங்க முகத்துல உயிர் வந்துச்சு.)

‘அது’ பத்தி ஒரு இடைச்செருகல். தமிழ்ப் பெருமை பேசுறவங்க கவனிக்கணும். இந்தப் பிரிவு மனுஷங்களை இலக்கணத்துல எந்தத் திணையில வைக்கிறதுங்கிற கேள்வியைத் தொல்காப்பியமே எடுத்துக்குது. சொல்லதிகாரத்துல, ஆரம்பத்துலேயே. பதில், உயர்திணை. அந்தப் பழைய நூல் மனுஷப் பட்டியல்ல வச்சவங்களை அஃறிணைக்குத் தள்ளினது நம்ம காலத்துக் காமெடி டிராக். ‘இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி’ன்னு எழுதப் போறவங்களுக்கும் இதே பதில்தான். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் அமெரிக்காவுலயா இருக்கு?

சரி, சினிமாவுக்கு வருவோம். ‘சும்மா காமெடிக்குத்தானே சார்’ங்கிற வாதத்தை முதல்ல எடுத்துக்கிறேன்.

2015 பொங்கலுக்கு ‘ஐ’ வந்துச்சு. ஷங்கர் படம், விக்ரம் ஹீரோ. அதுல ஒஜாஸ் ரஜானிங்கிற நிஜமான திருநங்கை, நிஜ வாழ்க்கையில பெரிய மேக்கப் கலைஞர், ஒரு ஸ்டைலிஸ்ட் வேஷத்துல நடிச்சிருந்தாங்க. இந்திய அளவுல பேர் வாங்கின ஒரு தொழில்காரரைக் கூட்டிட்டு வந்து என்ன பண்ணினாங்க? ஹீரோவும் நண்பரும் அவங்களைப் பார்த்தாலே முகம் சுளிப்பாங்க, கிண்டல் பண்ணுவாங்க. அவங்க காதலைச் சொன்னா அருவருப்பு. காதல் நிராகரிக்கப்பட்டதும் வில்லி. தியேட்டர் சிரிச்சுது. திருநங்கைகள் சென்னையில தெருவுக்கு வந்து போராடினாங்க. படம் பாட்டுக்கு ஓடுச்சு. (அந்தப் படத்துல வர்ற வைரஸ் மருத்துவத்தைப் பத்தித் தனியா ஒரு த்ரெட் போடலாம், இப்ப வேணாம்.)

அதுக்கு 15 வருஷம் முன்னாடி ‘அப்பு’. பிரகாஷ்ராஜ் மகாராணியா வருவார். பெண்களை அடைச்சு வச்சு விபச்சாரம் நடத்துற கொடூரமான ஆள். ‘சடக்’ங்கிற இந்திப் படத்தோட ரீமேக், வில்லனும் அங்க இருந்தே வந்த சரக்கு. பிரகாஷ்ராஜ் பிரமாதமா பண்ணியிருப்பார், அதுதான் பிரச்சனையே. மோசமா நடிச்சிருந்தா மறந்திருப்போம்.

ஒரு படத்துல திருநங்கை வில்லியா இருந்தா என்ன குடி முழுகிடும்னு கேட்பீங்க. ஹீரோவும் ஆம்பளை, வில்லனும் ஆம்பளை, யாராவது ஆம்பளைங்க புகார் சொல்றாங்களா? சொல்ல மாட்டாங்க. ஏன்னா ஒரு ஆம்பளை வில்லனைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா, அங்க அப்பா இருக்கார், அண்ணன் இருக்கான், பால்காரர் இருக்கார். வில்லன் சொன்ன பொய்யை இவங்க எல்லாரும் தினமும் மறுத்துக்கிட்டே இருக்காங்க. மகாராணியைப் பார்த்துட்டு வந்தா மறுக்க வீட்டுல யாரும் இல்ல. அந்த ஒரு பிம்பம்தான் மொத்தப் பாடப்புத்தகம். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்புல சின்னக் கிருமிகூட எவ்வளவு ஆடும்னு எங்களைக் கேளுங்க.

நல்ல படங்களும் வந்திருக்கேன்னு சொல்வீங்க. வந்திருக்கு, மறுக்கல. ஆனா அங்கயும் ஒரு கணக்கு இருக்கு.

‘காஞ்சனா’, 2011. சரத்குமார் மாதிரி மாஸ் ஹீரோ அந்த வேஷம் போட்டது பெரிய விஷயம், நான் முழு மனசோட பாராட்டுறேன். அதுல காஞ்சனா இன்னொரு திருநங்கைப் பிள்ளையை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைப்பாங்க. ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குவாங்க. தமிழ் சினிமாவுல ஒரு திருநங்கை டாக்டர்! ஆனா எத்தனை பேருக்கு அந்த டாக்டரை ஞாபகம் இருக்கு? ஞாபகம் இருக்கிறது பேய்தான். எங்க வராண்டாவுல ஒரு திருநங்கை மருந்துச் சீட்டோட நடந்து போறப்ப, சின்னப் பசங்க ‘ஏய் காஞ்சனா’ன்னு கத்திட்டு ஓடி ஒளிஞ்சதை நானே பார்த்திருக்கேன்.

2020ல ‘பாவக் கதைகள்’ல சுதா கொங்கரா எடுத்த ‘தங்கம்’. காளிதாஸ் ஜெயராம் நடிச்ச சத்தார். அழாம பார்க்க முடியாது. சத்தாரும் சாகுது. காஞ்சனாவும் செத்துத்தான் சாமியாட முடிஞ்சுது. சிரிப்புல இருந்து கண்ணீருக்கு வந்திருக்கோம், முன்னேற்றம்தான். ஆனா நம்ம பாசம் பூரா பிணத்து மேலதான் இருக்கு. செத்த திருநங்கைக்காகத் தியேட்டர்ல அழுற அதே ஆள், உயிரோட இருக்கிற திருநங்கைக்கு மாடி போர்ஷனை வாடகைக்கு விட மாட்டார்.

மேல சொன்ன பேரைத் திரும்பப் பாருங்க. பிரகாஷ்ராஜ், சரத்குமார், காளிதாஸ். ‘சூப்பர் டீலக்ஸ்’ல விஜய் சேதுபதி, அதுக்குத் தேசிய விருதும் கிடைச்சுது. எல்லாரும் ஆண்கள். நடிப்புன்னா யாரும் யாராவும் நடிக்கலாம்ங்கிற வாதம் எனக்குத் தெரியும். ஆனா பார்க்கிறவன் மூளையில என்ன பதியுது? ‘திருநங்கைன்னா புடவை கட்டின ஆம்பளை.’ எங்க வார்டுல ‘எந்தப் பக்கம் படுக்க வைக்கிறது’ன்னு வர்ற குழப்பத்தோட வேர் இங்கதான் இருக்கு. விருது வாங்குற மேடையில அந்த நடிகர் கோட் சூட்ல, மீசையோட நிக்கிறப்ப அந்தப் பாடம் இன்னொரு தடவை உறுதியாகுது.

‘சூப்பர் டீலக்ஸ்’ விஷயத்துல எனக்கு இன்னும் கோபம் தீரல. தியாகராஜன் குமாரராஜா பெரிய கலைஞர். அந்தப் படத்துல ஷில்பாவை அவங்க பையன் எந்தக் கேள்வியும் கேட்காம ஏத்துக்கிற மாதிரி அழகான காட்சி வேற படத்துல நான் பார்த்ததில்ல. அதே படத்துல, குழந்தைகளைக் கடத்துறதுல தனக்கும் பங்கு இருந்ததா ஷில்பாவே சொல்ற மாதிரி வச்சிருக்காங்க. படம் வந்தது 2019 மார்ச். அதுக்குப் பத்து மாசம் முன்னாடி, 2018 மே மாசம், ஹைதராபாத்துல வாட்ஸப் வழியா குழந்தைக் கடத்தல் வதந்தி பரவி, ஒரு கும்பல் ஒரு திருநங்கையை அடிச்சே கொன்னுச்சு. பிச்சை எடுக்க வந்த ஆள், அவ்வளவுதான். கும்பல் இந்தப் படத்தைப் பார்த்து அடிக்கல, படம் அப்ப வரவே இல்ல. ஆனா ஆளைக் கொன்ன ஒரு வதந்தியை, ஒரு திருநங்கைப் பாத்திரத்தோட வாயாலேயே வாக்குமூலமா சொல்ல வைக்கிறது சாதாரண விஷயமா? திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் அப்பவே கண்டிச்சாங்க. ‘கலையைக் கலையா பாருங்க’ன்னு நாம அவங்களுக்குப் பாடம் எடுத்தோம்.

செய்தி மீடியா சினிமாவைவிட மோசம். ஏன்னா அது ‘நிஜம்’ங்கிற முத்திரையோட வருது. ‘நள்ளிரவில் திருநங்கைகள் அட்டகாசம்’ மாதிரித் தலைப்பு எத்தனை படிச்சிருப்பீங்க! ஒரு ஆண் திருடினா ‘ஆண் கைது’ன்னு போடுறாங்களா? பேர் போடுவாங்க, வயசு போடுவாங்க. திருநங்கைன்னா அந்த ஒரு சொல்தான் தலைப்பு, மொத்த சமூகமும் கூண்டுல. யூட்யூப் சேனல்கள் இன்னும் ஒரு படி மேல. கூவாகம் திருவிழா வந்தா மைக்கைத் தூக்கிட்டுப் போயி, ‘ஆபரேஷன் பண்ணிட்டீங்களா, எப்படிப் பண்ணினாங்க, இப்ப எப்படி இருக்கு’ன்னு கேட்கிறாங்க. நான் டாக்டர். சம்பந்தமில்லாத வியாதிக்கு வந்த நோயாளிகிட்ட அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை எனக்கே கிடையாது. காய்ச்சல்னு வந்தவங்ககிட்ட காய்ச்சலைப் பத்தித்தான் கேட்கணும். தம்ப்நெயிலுக்காக நடுரோட்டுல கேட்கிறவனுக்கு உரிமையை யார் கொடுத்தது?

சொல் இல்லாத குறையும் இல்ல. சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல ஆரம்பிச்சு வச்ச வழக்குத் தொடர்ச்சியா, 2022 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலே வெளியிட்டுச்சு. திருநர், திருநங்கை, திருநம்பி, பால்புதுமையர்னு மரியாதையான சொற்கள். ஒரு ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்து நியூஸ் டெஸ்க்ல ஒட்டினா முடிஞ்சுது. ‘திருநங்கையாக மாறிய வாலிபர்’னு இன்னமும் எழுதுறது அறியாமை இல்ல, சோம்பேறித்தனம்.

திருநம்பிகள் கதை இன்னும் வேற. பிறக்கும்போது பெண்ணுன்னு எழுதப்பட்டு, ஆணா வாழ்றவங்க. ஒரு தமிழ்ப் படத்துல வந்த ஒரு திருநம்பிப் பாத்திரத்தோட பேரைச் சொல்லுங்க பார்ப்போம். யோசிச்சுக்கிட்டே இருங்க. அவங்களைக் கிண்டல் பண்ணக்கூட நம்ம மீடியா கண்டுக்கல. விளைவு, வீட்டுல இருந்து தப்பிச்சு வர்ற பிள்ளைக்குத் தன்னைச் சொல்லிக்க வார்த்தை இல்ல, தேடிக் கூட்டிட்டுப் போற பெத்தவங்களுக்கும் வார்த்தை இல்ல. ‘புத்தி பேதலிச்சிடுச்சு, ஊசி போட்டு மாத்துங்க டாக்டர்’னு வர்றாங்க. மாத்த ஊசி கிடையாது, மாத்த வேண்டியதும் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 வகைப்பாடு மனநோய்ப் பட்டியல்ல இருந்தே இதை எடுத்தாச்சு, 2022 ஜனவரியில இருந்து நடைமுறை. மாத்துறேன்னு யாராவது காசு கேட்டா, அது தொழில்முறைத் தவறுன்னு தேசிய மருத்துவ ஆணையமே சொல்லியிருக்கு.

மீடியாவை மட்டும் திட்டிட்டு எங்க ஆளுங்களை விட்டுட்டா நியாயம் இல்ல. அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் கடைசியில வெளியிட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துல, சட்ட மருத்துவப் பகுதியில, தன்பாலின உறவை மறுபடியும் ‘இயற்கைக்கு மாறான குற்றம்’னு கொண்டு வந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. 377 விழுந்து ஆறு வருஷம் கழிச்சு! டாக்டர் ஆகப் போற பதினெட்டு வயசுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகமும் ஒரு மீடியாதான். ஐந்தரை வருஷப் படிப்புல ஒரு திருநங்கை நோயாளிகிட்ட எப்படிப் பேசணும்னு யாரும் வகுப்பு எடுக்கலைன்னா, அந்தப் பிள்ளையும் ‘ஐ’ பார்த்துக் கத்துக்கிட்டதைத்தான் ஓபிக்குக் கொண்டு வரும்.

இதெல்லாம் மாறுமா? மாறும். ஆதாரம் இருக்கு. 2016ல ‘சயின்ஸ்’ இதழ்ல புரூக்மேன், காலான்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல மியாமியில வீடு வீடாப் போயி, வாசல்ல நின்னு சுமார் பத்து நிமிஷம் பேச்சு. உபதேசம் இல்ல, ‘உங்களை யாராவது வித்தியாசமா நடத்தியிருக்காங்களா, அப்ப எப்படி இருந்துச்சு’ங்கிற மாதிரிப் பேச்சு. திருநர் மேல இருந்த வெறுப்பு குறைஞ்சுது, மூணு மாசம் கழிச்சுப் பார்த்தப்பவும் அந்த மாற்றம் அப்படியே இருந்துச்சு. ஆரம்பத்துல நான் பத்து நிமிஷம்னு கேட்டது இதனாலதான்.

ஏழு கோடிப் பேர் வாசலுக்கு நடக்க முடியாது. அந்தப் பத்து நிமிஷத்தை வீட்டுக்குள்ள கொண்டு வர்ற ஒரே வழி திரைதான். 2008லேயே விஜய் டிவியில ‘இப்படிக்கு ரோஸ்’ வந்துச்சு, ரோஸ் வெங்கடேசன் கேள்வி கேட்டாங்க, மத்தவங்க பதில் சொன்னாங்க. 2014 சுதந்திர தினத்தன்னைக்குக் கோயம்புத்தூர் லோட்டஸ் நியூஸ்ல பத்மினி பிரகாஷ் செய்தி வாசிச்சாங்க. ‘பேரன்பு’ல அஞ்சலி அமீர்ங்கிற திருநங்கையே மீராவா நடிச்சு, மம்மூட்டிக்கும் அந்தப் பொண்ணுக்கும் குடும்பமாகி, கடைசி வரைக்கும் உயிரோடவே இருந்தாங்க. பிக் பாஸ் ஆறாவது சீசன்ல ஷிவின் நூறு நாளுக்கு மேல தினமும் ராத்திரி நம்ம வீட்டுக்குள்ள சமைச்சாங்க, சண்டை போட்டாங்க, ஜெயிச்சாங்க, மூணாவதா வந்தாங்க. எனக்கு பிக் பாஸ் பிடிக்காது. ஆனா அந்த சீசன் நடந்தப்ப, எங்க வார்டுல பாட்டிங்க ‘இந்த வாரம் ஷிவினை நாமினேட் பண்ணிட்டாங்களே’ன்னு கவலைப்பட்டதைக் கேட்டேன். அவங்க ‘அது’ன்னு சொல்லல. ‘அந்தப் பொண்ணு’ன்னாங்க. எந்த விழிப்புணர்வு முகாமும் அதைச் செஞ்சதில்ல.

இட்லி கொடுக்கிற அம்மா கதையும் அப்படித்தான் போச்சு. அந்த நோயாளி மூணு நாள் வார்டுல இருந்தாங்க. ரெண்டாவது நாளே ரெண்டு பேரும் யாருக்குச் சுகர் அதிகம்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. ஆனா அந்தப் பழக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வலியோட உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் இருக்கே, அதுக்குத்தான் நான் பில் போட்டுக்கிட்டு இருக்கேன். சிறுநீர் அடைப்புங்கிறதால பிழைச்சுக்கிட்டாங்க. மாரடைப்பா இருந்தா அரை மணி நேரத்துல இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும்.

‘ரோட்டுல காசு கேட்டு மிரட்டுறாங்களே சார், அதைப் பத்தி எழுத மாட்டீங்களா’ன்னு கேட்கத் தயாரா இருக்கிற நண்பர்களுக்கு: மிரட்டுறது தப்பு, போலீஸ்ல புகார் கொடுங்க, அந்த ஆள் மேல. ஆனா ஒண்ணு கேட்கிறேன். பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் ஆக உயர்நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. நர்த்தகி நடராஜ் பரதத்துக்காகப் பத்மஸ்ரீ வாங்கினவங்க, மாநிலத் திட்டக்குழுவுல உறுப்பினரா இருந்தவங்க. இந்த ரெண்டு பேர் முகத்தையும் போட்டோ பார்த்து உங்களால அடையாளம் சொல்ல முடியுமா? சிக்னல்ல நின்னவங்க முகம் மட்டும் எப்படி மனப்பாடம் ஆச்சு?

சினிமாக்காரங்க யாராவது படிச்சா: அடுத்த ஸ்கிரிப்ட்ல ஒரு மெடிக்கல் ஷாப் காட்சி வரும்ல, கவுன்டர்ல நிக்கிற ஆளை ஒரு திருநங்கையா வைங்க. மாத்திரையை எண்ணிக் கொடுக்கட்டும், சில்லறை இல்லைன்னு அலுத்துக்கட்டும், அவ்வளவுதான். பின்னணி இசை வேணாம். அந்த வேஷத்துக்கு ஒரு திருநங்கையையே கூப்பிடுங்க, பேசின சம்பளத்தைக் கொடுங்க.

தூக்கம் வருது. பதில் சாயங்காலம்தான் பார்ப்பேன். ‘ஒம்போது’ன்னு எழுதுறவங்களை பிளாக் பண்ணிடுவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன்.